மலைநாட்டில் பாடித் திரிந்த மீனாட்சியம்மாள்

தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் கோ. நடேசய்யரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளுக்கு அந்தப் புத்தகங்களில் கிடைப்பது ஒரு பந்தி, மிஞ்சினால் ஒரு பக்கம். ஐயர் பேசுமுன் அம்மா பாடுவார் என்ற அளவோடு கதை முடிந்துவிடும். நமது பழைய மாணவியர் சங்கம் உருவான அதே பத்தாண்டில்தான் இந்த அம்மையாரும் இலங்கையின் பொதுவாழ்வுக்கு வந்தார். ஆகவே இந்த நூற்றாண்டு மலரில் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுக்க விரும்புகிறோம்.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், 1887இல் பிறந்தவர். வணிகர் சங்க அலுவலாகக் கொழும்புக்கு வந்த இடத்தில், தோட்டத்துச் சனங்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, நேரில் பார்த்துவிடுவதென்று மலைநாட்டுக்கு ஏறினார். அக்காலத்தில் தோட்டத்து ரோட்டில் வெளியாள் கால் வைப்பதற்குத் துரையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் போனால் அத்துமீறல் வழக்கு. அவரோ புடவை வியாபாரியாக வேடம் போட்டு, துணி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு லயங்களுக்குள் புகுந்தார். இந்தக் கதையை நம்மில் பலரும் கேட்டிருப்போம். நமக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. புடவை வியாபாரி வந்தால் லயத்து வாசலில் முதலில் கூடுவது பெண்கள்தான். தோட்டத்தின் கதையை ஐயர் பெண்களிடமிருந்தும் கேட்டிருப்பார் என்றே நாங்கள் நினைக்கிறோம். அந்தப் பெண்களுக்குத் திரும்பப் பதில் சொல்லும் வேலை மீனாட்சியம்மாளுக்கு வந்து சேர்ந்தது.

1924இல் ஐயர் கொழும்பில் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். மறு வருடமே சட்ட நிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியுமானார். வீட்டுக்காரர் சபைக்கும் கூட்டத்துக்குமாக ஓடினால் பத்திரிகையை யார் பார்ப்பது? மீனாட்சியம்மாள் ஆசிரிய வேலையில் பங்கெடுத்தார், தாமும் எழுதினார். பத்திரிகை வீடு எப்படியிருக்கும் என்பதைப் பத்திரிகை வேலை பார்த்த நம் சகோதரிகளைக் கேட்டால் தெரியும். அச்சுக் கோப்பவர் வாசலில் நிற்பார், அடுப்பில் சோறு பொங்கும், பிழை திருத்த வேண்டிய தாள் மேசையில் மை காயாமல் கிடக்கும், தபால் கட்டு ரயிலுக்குப் போயாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் வீட்டுக்குள்ளிருந்தே உலக விவகாரம் பார்ப்பதற்கு இதைவிட வேறு வழி இருக்கவில்லை.

அந்த எழுத்தில் நம் மனத்தைத் தொடுவது பெண்களின் வாக்குரிமைக்காக அவர் வாதாடியதுதான். 1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அது முதலில் விதந்துரைத்தது ஆண்களுக்கு 21 வயதில் வாக்கு, பெண்களுக்கு 30 வயதில் வாக்கு. பிறகுதான் இருபாலாருக்கும் 21 என்றாயிற்று. பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களோடு சரிசமனான வாக்கு 1928இல்தான் கிடைத்தது. கொழும்பில் வசதியான குடும்பத்துப் பெண்கள் ஆங்கிலத்தில் மனுக்கொடுத்துப் போராடிய அந்த நாட்களில், மீனாட்சியம்மாள் தமிழில், தமிழ்ப் பெண்களுக்கு அதைச் சொன்னார். 1931இல் முதற் பொதுத்தேர்தல் நடந்தபோது, ஐந்து வருட வாசத்தை நிரூபிக்க முடிந்த தோட்டப் பெண்களும் வாக்களிக்கும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணுக்குத் துரைசாணியோடு சமமான ஒரு வாக்கு என்பது அன்று சின்ன விஷயமா?

அந்த 1931இல்தான் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. அதன் தலைமையகம் ஹற்றனில். இனி மீனாட்சியம்மாளின் வாழ்க்கை ரயிலும் ரோடுமாகிவிட்டது.

கொழும்பிலிருந்து வீடு திரும்பிய மாணவியர் எல்லோருக்கும் அந்த ரயில் பாதை மனப்பாடம். றம்புக்கணையில் ஏற்றம் தொடங்கும், கடுகண்ணாவையில் பாறையோரமாக ஊர்ந்து போகும், நாவலப்பிட்டியில் குளிர் லேசாகத் தொட்டுப் பார்க்கும். வட்டவளையில் மழை. அங்கே மழை இல்லாத நாளை நாம் கண்டது குறைவு. பிறகு ரொசல்லை, பிறகு ஹற்றன். 1884இலேயே அங்கு ரயில் வந்துவிட்டபடியால்தான் நாலாயிரம் அடி உயரத்தில் இருந்த அந்தச் சிறு பட்டினம் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாவற்றுக்கும் வாசலாக இருந்தது. சம்மேளனம் ஹற்றனில் காரியாலயம் போட்டதற்கும் அதுவே காரணம் என்று சொல்ல வேண்டும்.

தோட்டத்துக்குள் கூட்டம் போடத் துரைமார் விடமாட்டார்கள். ஆகவே சனங்கள் தோட்டத்தை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் கூட்டம் போட வேண்டும். பட்டினத்துக் கடைத்தெருதான் அதற்கு வசதி. இதை விளங்கிக்கொள்ள ஒரு தோட்டப் பெண்ணின் நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் தப்புச் சத்தம். இருட்டில் எழும்பி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சாயம் ஊற்றி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் பேர் இல்லை. சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறினால், கொழுந்து நிறுத்துக் கூடையைக் கொட்டும் நேரத்தில்தான் முதுகு நிமிரும். பொழுது சாய்ந்து லயத்துக்கு வந்தால் மறுபடி அடுப்பு. 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி பின்னர் நிர்ணயமான குறைந்தபட்ச நாட்கூலி, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கொழுந்தில் பெரும்பங்கை எடுத்தவள் பெண். அவளுடைய 43 சதமும் பல வீடுகளில் அவள் கைக்கு வராமலே போனது.

அவளுக்கு மகிழ்ச்சியே இல்லையா என்றால் அப்படியில்லை. மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது ஒருத்தி ஒரு பாட்டின் அடியை எடுத்துவிட, அடுத்த நிரையில் நிற்பவள் அதை வாங்கிப் பாடுவாள். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு எல்லாம் இருந்தன. மாசியில் காமன் கூத்து, தீபாவளிக்குப் புதுச்சேலை, சம்பள ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினம் போய் வளையலும் வெற்றிலையும் வாங்கும் குதூகலம். எழுத்து அவளுக்கு எட்டவில்லை. தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1907இலேயே சட்டம் வந்திருந்தாலும், பெண்பிள்ளை தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு லயத்தில்தான் இருந்தாள். ஆனால் பாட்டு அவளுக்கு மூச்சுவிடுவது போல.

மீனாட்சியம்மாள் இதைக் கண்டுகொண்டார். கூலி, பற்றுச்சீட்டு, கங்காணி பிடிக்கும் தலைக்காசு, வாக்குரிமை என்று மேடையில் ஒரு மணிநேரம் விளக்கிச் சொன்னாலும் கடைத்தெருச் சந்தடியில் பாதி காற்றோடு போய்விடும். அதையே நொண்டிச் சிந்தாகவோ, எல்லோர் வாயிலும் இருக்கும் ஒரு மெட்டிலோ போட்டுப் பாடினால், ஞாயிற்றுக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமை மலையில் பாடுவார்கள். துரை கேட்டில் ஆளைத்தான் மறிக்கலாம். கொழுந்து மலையில் ஒருத்தி முணுமுணுக்கும் மெட்டை எந்தக் கணக்கப்பிள்ளை மறிப்பது? கூட்டங்களில் அவர் முதலில் பாடுவார், சனம் சேரும், பிறகு ஐயர் பேசுவார். சுதந்திர வேட்கை நிறைந்த பாரதி பாடல்களையும் மலைநாட்டு மேடைகளில் பாடினார். 1921இல் மறைந்த பாரதியின் பாடல்கள் தமிழ்நாட்டிலேயே 1928இல் தடைக்கும் பறிமுதலுக்கும் ஆளானதை நினைத்தால், அவற்றை இங்கே பொதுமேடையில் பாடியதன் துணிவு புரியும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. அவர் பிராமண வீட்டுப் பெண். அந்தக் காலத்து ஐயர் வீட்டு அம்மா ஒருவர் கடைத்தெருவில், சாதி பாராமல் கூடிய கூலிச் சனங்களுக்கு நடுவில் நின்று, தொண்டையைத் திறந்து பாடுவதென்றால் வீட்டுப் பக்கத்தில் என்ன பேச்சு வந்திருக்கும்? பாடும் பெண் என்றாலே ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. நம் பாடசாலையின் பழைய படங்களில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் மாணவியர்கூட மண்டபத்தை விட்டு வெளியில் பாடியிருக்க மாட்டார்கள்.

பாடியதோடு அவர் நிற்கவில்லை. பாட்டுக்களைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டு விட்டார். இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து என்று ஒன்று, இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற தலைப்பில் 1940இல் மற்றொன்று. பெரிய இலக்கியம் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார், நாமும் சொல்லவில்லை. சந்தம் சில இடங்களில் இடறும், சொல் சில இடங்களில் மேடைப் பேச்சாகவே நிற்கும். ஆனால் லயத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரு பையன் இருந்தால் போதும், மாலையில் அவனைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து கேட்கலாம். அவை அதற்காகவே எழுதப்பட்டவை.

1940ஆம் ஆண்டுப் புத்தகத்தின் தலைப்பு வறண்டதாகத் தோன்றலாம். அந்த வருடங்களை அறிந்தால் அப்படித் தோன்றாது. 1936இல் ஐயர் ஹற்றன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போயிருந்தார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை, 1934க்குப் பிறகு சேர்ந்தவர்கள் என்று காரணம் காட்டி, வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பதிலுக்கு இந்திய அரசு அந்த ஆவணியோடு சாதாரண தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதற்குத் தடை போட்டது. அரசாங்கங்களுக்கு அது கணக்கு. தோட்டத்துப் பெண்ணுக்கு அது தாய்வீடு. மண்டபம் முகாமில் காத்திருந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிப் போய்வந்துகொண்டிருந்த பாதை அது. தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேட்டுப் புறப்பட்டவளுக்குத் திரும்பி வர முடியுமோ என்ற பயம் வந்துவிட்டது. அதே 1940 தை மாதத்தில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். இந்த இருட்டில்தான் மீனாட்சியம்மாளின் பாட்டுக்கள் வந்தன. இங்கு வாழும் இந்தியரின் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகி வருகிறது, அவர்களைத் தட்டி எழுப்பப் பாட்டே வழி என்ற எண்ணத்தில் எழுதியவை அவை. அமைச்சர்களைக் கேள்வி கேட்பார், சனங்களை ஒற்றுமைப்படச் சொல்வார், இந்த நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு இந்த நாட்டில் உரிமை உண்டு என்பார். யாரையும் வெறுக்கச் சொல்லும் பாட்டு அதுவல்ல.

ஐயர் 1947 நவம்பர் 7ஆம் திகதி காலமானார். அடுத்த வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும், 1931இல் கிடைத்த வாக்கை மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரிடமிருந்து பறித்துவிட்டன. அது முழுவதுமாகத் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. மீனாட்சியம்மாள் வாக்குரிமைக்காக எழுதிய காலத்தில் பிறந்த தோட்டப் பெண்பிள்ளை ஒருத்தி, அதற்குள் கொள்ளுப்பாட்டியாகியிருப்பாள். நம் சங்கத்திலேயே, தகப்பனுக்குப் பிரஜாவுரிமை இல்லாத காரணத்தால் படித்து முடித்தும் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் போன சகோதரிகள் இருக்கிறார்கள். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தோடு வகுப்பின் பாதியை ஹற்றன் ரயில் நிலையத்தில் அழுது வழியனுப்பியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மீனாட்சியம்மாளின் பாட்டுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அவருடைய பெயர் அழியாமல் இருப்பதற்கு மலையக எழுத்தாளர் சாரல்நாடனுக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். தேசபக்தன் கோ. நடேசய்யர் என்ற அவருடைய நூல் 1988இல் வந்தது. ஐயரைத் தேடிப் போனவர் அம்மாவையும் கண்டெடுத்துக் கொடுத்தார்.

அந்தச் சிறு பாட்டுப் புத்தகங்கள் இன்று கிடைப்பது அரிது. மட்டமான தாளில் அச்சானவை, லயத்து ஈரத்திலும் அடுப்புப் புகையிலும் எத்தனையோ மக்கிப் போயின. எனினும் நம் குடும்பங்களில் பழைய தகரப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. சில ஹற்றனில், சில திருச்சியிலும் கோத்தகிரியிலும், சில லண்டனிலும் ரொறன்ரோவிலும். பாட்டியின் பிறப்புச் சான்றிதழுக்கும் பற்றுச்சீட்டுக்கும் அடியில் அட்டை கிழிந்த ஒரு பாட்டுப் புத்தகம் அகப்பட்டால், தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு படமெடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்பி வையுங்கள். மெட்டு ஞாபகமுள்ள அம்மாவோ அத்தையோ இருந்தால், அவர்கள் பாடுவதையும் சேர்த்துப் பதிவு செய்து அனுப்புங்கள்.