ஜெபர்ஸனும் லாட்டரிச் சீட்டும்

அமெரிக்க நாட்டில் ஒரு காலத்துக் கல்லூரிகளும் தேவாலயங்களும் பாலங்களும் லாட்டரிச் சீட்டுப் பணத்தால் எழுந்தன. வரி என்றவுடன் முகஞ்சுளித்த மக்கள், சீட்டெனில் விரும்பி வாங்கினர். சட்டசபைகளும் இசைவளித்தன.

1810-ஆம் ஆண்டில் டென்னஸியிலுள்ள கல்லூரியொன்றின் தருமகர்த்தர்கள் தங்கள் சீட்டுக்களை விற்றுத் தருமாறு முதியவர் ஒருவரை வேண்டினர். அவரே 1776-இல் சுதந்தரப் பிரகடனத்தை வரைந்தவரும், 1801 முதல் 1809 வரை நாட்டின் தலைவராய் விளங்கியவருமாகிய தாமஸ் ஜெபர்ஸன். லாட்டரி முதலாய, வெறும் அதிர்ஷ்டத்தை நம்பும் முயற்சி எதிலும் ஈடுபடலாகாது என்பது தாம் வகுத்துக்கொண்ட விதியென்றும், ஆகவே பிறரை அதற்குத் தூண்டுதல் தமக்கு இயலாதென்றும் அவர் மறுமொழி விடுத்தார். மறுத்ததோடு நில்லாமல், ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சிறு மனையும், இடையே புல்வெளியும் மரங்களுமாகக் கல்லூரி அமைதல் நன்றென்று யோசனையும் கூறினார். அவர் நிறுவி, 1825-இல் மாணவரை ஏற்ற வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் அம்முறையிலேயே எழுந்தது. பணம் கேட்டவர்க்கு யோசனை கிடைத்தது. அவர்கள் மகிழ்ந்தனரோ, அறியோம்!

1743-இல் செல்வக் குடியிற் பிறந்த அவரைக் கடன் வாழ்நாளெல்லாம் தொடர்ந்தது. மாமனார் வைத்துச் சென்ற கடன் ஒருபுறம். மாளிகையும் விருந்தும் ஒருபுறம். 1815-இல் தம் நூல்கள் 6,487-ஐயும் 23,950 டாலருக்குக் காங்கிரஸ் சபைக்கு விற்றார். விற்றபின் மீண்டும் நூல்கள் வாங்கத் தொடங்கினார். (இக்குற்றத்தை மன்னிக்க மாணவராகிய நாம் தயங்கோம்.) நண்பரொருவரின் 20,000 டாலர் கடனுக்குப் பிணை நின்றார், அந்நண்பர் 1819-இல் நொடித்துப்போகவே, அச்சுமையும் அவர் தலைமேல் விழுந்தது.

1826-இல், எண்பத்திரண்டாம் வயதில், தம் நிலங்களை லாட்டரி மூலம் விற்க இசைவு தருமாறு வர்ஜீனியாச் சட்டசபையை அவர் வேண்டினார். அதன்பொருட்டு ஒரு கட்டுரையும் வரைந்தார். உழவும் வாணிகமும் கடற்பயணமும் ஓரளவு அதிர்ஷ்டத்தைச் சார்ந்தனவே என்றும், வாங்குவோர் எளிதிற் கிடையாத பெருஞ்சொத்தை இம்முறையில் விற்றல் தகுமென்றும் அதில் வாதித்தார். வாதம் கூரியதே, ஆயினும் 1810-இல் விடுத்த மறுமொழியின் தெளிவு அதில் இல்லை. உறுப்பினர் சிலர் எதிர்த்தபோதிலும் சபை இறுதியில் இசைந்தது. ஆனால் அவர் உயிரினும் மேலாய்ப் போற்றிய மான்டிசெல்லோ மாளிகையையும் பரிசிற் சேர்க்க நேர்ந்தது. அந்நிலையில் அன்பர்கள் பிற நகரங்களில் நன்கொடை திரட்ட முற்பட, சீட்டு விற்பனை நின்றது. கடன் தீருமென்று நம்பியவாறே 1826 ஜூலை 4-இல் ஜெபர்ஸன் மறைந்தார். பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள் அது.

கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் நின்றது. குலுக்கல் நடைபெறவேயில்லை. 1831-இல் மாளிகை பிறர் கைக்கு மாறியது. அதற்கும் முன்னரே, 1827 ஜனவரியில், மான்டிசெல்லோவில் அடிமைகளாயிருந்த 130 பேரை விற்க அங்கே ஏலம் நடந்தது. கணவன் ஒருவர்க்கும் மனைவி வேறொருவர்க்கும், பிள்ளைகள் மற்றொருவர்க்குமாகப் பிரிக்கப்பட்டுச் சென்றனர்.