சுரங்கத்திலிருந்து பார்லிமென்டுக்கு!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். 1860-களில் ஒரு குளிர்காலக் காலை. மழையில் நனைந்தபடி ரொட்டிக் கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். வயது பத்துதான் இருக்கும். வீட்டில் தம்பி கடும் காய்ச்சலில் கிடந்தான். அம்மாவுக்குப் பிரசவ நேரம். அப்பாவுக்குப் பல மாதங்களாக வேலை இல்லை. இரவெல்லாம் தம்பியைக் கவனித்துக் கொண்டதால், வேலைக்கு வரத் தாமதமாகிவிட்டது.

கடை முதலாளி அவனைத் தன் வீட்டுக்குள் அழைத்தார். அங்கே அவருடைய குடும்பம் காலை உணவு சாப்பிட்டுக் கொண்டிருந்தது. பசியோடு நின்ற சிறுவனை அந்த இடத்திலேயே வேலையிலிருந்து நீக்கினார். அபராதம் என்று சொல்லிக் கூலியையும் பிடித்துக் கொண்டார். அந்த வீட்டுக்கு வந்து கொண்டிருந்த ஒரே வருமானம் அதுதான்!

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பிரிட்டனின் தொழிலாளர் கட்சியை உருவாக்கிய கீர் ஹார்டி.

1856-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ம் தேதி லனார்க்ஷயர் மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ஹார்டி. தாய் மேரி வீட்டு வேலை செய்தவர். மாற்றாந்தந்தை டேவிட் ஹார்டி கப்பல் தச்சர்.

ரொட்டிக் கடை வேலை போனபின், ஹார்டி நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத்துக்குள் காற்று சரியாகப் போய் வர வேண்டுமென்றால், அங்குள்ள கதவை வேளாவேளைக்குத் திறந்து மூட வேண்டும். அதற்காகக் கும்மிருட்டில் தினமும் பத்து மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அவர் சூரியனைப் பார்க்க முடிந்தது.

பகல் பள்ளிக்குப் போக வழியில்லை. தாயிடம் படிக்கக் கற்றார். இரவுப் பள்ளியில் எழுதப் பழகினார். புகை படிந்த கல்லின் மீது ஊசியால் கீறிக் கீறிச் சுரங்கத்துக்குள்ளேயே சுருக்கெழுத்தும் கற்றுக் கொண்டார்.

வளர்ந்ததும், தொழிலாளர்களின் குறைகளை எடுத்துப் பேசத் தொடங்கினார். விளைவு? அவருக்கு வேலை தரக்கூடாது என்று சுரங்க முதலாளிகள் முடிவு செய்துவிட்டார்கள். அவரோ சோர்ந்து போகவில்லை. தொழிற்சங்கம் அமைத்தார். பத்திரிகை நடத்தினார்.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் லிபரல், கன்சர்வேடிவ் என்று இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. 1884-ம் ஆண்டுச் சட்டத்தால் சுரங்கத் தொழிலாளர்கள் பலருக்கு ஓட்டுரிமை கிடைத்திருந்தது. ஆனால், ஓட்டுப் போடத்தான் அவர்கள் வேண்டும். வேட்பாளராக நிறுத்த வேண்டாம் என்பதே கட்சிக்காரர்களின் நினைப்பு. சட்டம் செய்யும் இடத்தில் தொழிலாளி உட்காராவிட்டால் நல்ல சட்டம் எப்படி வரும் என்று யோசித்தார் ஹார்டி.

1888-ம் ஆண்டு மிட் லனார்க் தொகுதி இடைத்தேர்தலில் தனியாகப் போட்டியிட்டார். கிடைத்தவை 617 ஓட்டுகள். மூவரில் கடைசி இடம்! ஊரார் சிரித்தார்கள். ஆனால், அதே ஆண்டு அவர் ஸ்காட்லாந்து தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்.

நான்கே ஆண்டுகளில் லண்டன் அருகிலுள்ள வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி அவரை பார்லிமென்டுக்கு அனுப்பியது. மற்ற உறுப்பினர்கள் கறுப்புக் கோட்டும், பளபளக்கும் உயரத் தொப்பியுமாக வந்த சபைக்கு, ஹார்டி சாதாரணத் துணித் தொப்பியும் முரட்டுக் கோட்டுமாகப் போனார். பத்திரிகைகள் கேலி செய்தன.

1894-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி, தெற்கு வேல்ஸிலுள்ள சில்ஃபினித் ஊரில் சுரங்கம் வெடித்து 290 பேர் இறந்தனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வாழ்த்துச் சொல்ல பார்லிமென்ட் தயாரானது. இறந்தவர்களுக்கும் ஓர் இரங்கல் வார்த்தை சேர்க்கும்படி கேட்டார் ஹார்டி. மறுத்துவிட்டார்கள். அவர் எழுந்து எதிர்த்துப் பேசியபோது சபையே கூச்சலிட்டது. அவர் உட்காரவில்லை.

1895-ம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அவருடைய சுயேச்சைத் தொழிலாளர் கட்சி நிறுத்திய 28 பேரும் தோற்றார்கள்! அப்போதுதான் ஓர் உண்மை தெளிவானது. கொள்கை மட்டும் போதாது. லட்சக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள தொழிற்சங்கங்களும் சேர வேண்டும்.

1900-ம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்ட் அமைப்புகளும் கூடி, தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. அந்த ஆண்டுத் தேர்தலில் 15 பேர் நின்று இரண்டு பேர் மட்டுமே வென்றனர். அதில் ஒருவர் ஹார்டி. அவரைத் தேர்ந்தெடுத்தது தெற்கு வேல்ஸிலுள்ள மெர்தர் டிட்ஃபில் தொகுதி.

மறு ஆண்டே ஓர் இடி விழுந்தது. வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்தைச் சங்கமே தர வேண்டும் என்று டாஃப் வேல் ரயில்வே வழக்கில் தீர்ப்பு வந்தது. ரயில்வே சங்கம் 23,000 பவுன் கட்ட நேர்ந்தது. சட்டத்தை மாற்ற பார்லிமென்டில் ஆள் வேண்டும் என்பது மற்ற சங்கங்களுக்கும் அப்போது புரிந்தது. சங்கங்கள் வரிசையாக வந்து சேர, குழுவின் பலம் இரண்டு ஆண்டுகளில் இரு மடங்கானது. அப்போது எம்.பி.க்களுக்குச் சம்பளம் கிடையாது. எனவே, உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு பென்னி வசூலித்து, அந்தப் பணத்தில் தங்கள் எம்.பி.க்களுக்கு ஆண்டுக்கு 200 பவுன் கொடுத்தார்கள். லிபரல் கட்சியோடு ரகசியமாகத் தொகுதி உடன்பாடும் செய்து கொண்டார்கள்.

1906-ம் ஆண்டு 29 பேர் வென்றார்கள். குழுவின் பெயர் தொழிலாளர் கட்சி என்று மாறியது. பார்லிமென்டில் அதன் முதல் தலைவர் ஹார்டிதான். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்! அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, சங்கங்கள் மீதான நஷ்டஈட்டு ஆபத்து நீங்கியது. பசித்த பள்ளிக் குழந்தைகளுக்கு உள்ளூர் சபைகள் உணவு வழங்கலாம் என்ற சட்டமும் வந்தது. அதைக் கொண்டு வந்தவரும் தொழிலாளர் கட்சி எம்.பி. ஒருவரே.

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டும் ஹார்டி குரல் கொடுத்தார். 1907-ம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்தவர், இந்தியர்களுக்குச் சுயாட்சி வேண்டும் என்று பேசினார். பிரிட்டன் பத்திரிகைகள் அவர் மீது பாய்ந்தன. 1914-ல் முதல் உலகப் போரை எதிர்த்தபோது, சொந்தத் தொகுதி மக்களே கூச்சலிட்டு அவர் பேச்சை நிறுத்தினார்கள். மனம் உடைந்த அவர், 1915-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி தம் 59-ம் வயதில் காலமானார்.

அவர் விதைத்த கட்சி 1924-ல் முதன்முறையாக ஆட்சி அமைத்தது. 1945-ல் பெரும் வெற்றி பெற்றது. அந்த ஆட்சியின் பிரதமர் அட்லி காலத்தில்தான் இந்தியா சுதந்திரம் அடைந்தது. அந்த நாள் எது? ஆகஸ்ட் 15. கீர் ஹார்டியின் பிறந்த நாளும் அதுவே!

முதல் தேர்தலில் 617 பேர் போட்ட ஓட்டுகள் வீணாகவில்லை, பார்த்தீர்களா குழந்தைகளே!