ஓலைக் கொட்டகையில் 5 பேருடன் தொடங்கிய கல்லூரி: ஊர் ஊருக்கு வாலிபால் வாத்தியார்களை அனுப்பிய அமெரிக்கர் பக்

திருத்தணி,

கல்லூரி வாலிபால் சீசன் வந்துவிட்டால் பசங்களுக்கு பாடம் ஓடாது. டீக்கடை பெஞ்சில் கூட புள்ளிக் கணக்குதான். 3-0 அல்லது 3-1 என்று ஜெயித்தால் 3 புள்ளி. இழுத்துப் பறித்து 3-2 என்று ஜெயித்தால் 2 புள்ளிதான். அப்படி 5 செட் ஆடி தோற்ற அணிக்கும் ஆறுதலாக 1 புள்ளி உண்டு. 2 அணிகள் சம வெற்றி, சம புள்ளி என்று நின்றால் செட் விகிதம் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் எடுத்த பாயிண்ட், விட்ட பாயிண்ட் வரை போய்விடும். இது சர்வதேச முறை.

இப்படி கணக்கு இழுத்துக்கொண்டே போவதால் கடைசி ஆட்டம் வரை சாம்பியன் யார் என்று தெரியாது. கல்லூரி அணியில் நன்றாக ஆடுகிற பையன் பல்கலைக்கழக அணிக்கு போவான். பல்கலைக்கழக அணி தென்மண்டல போட்டிக்கு போகும். அங்கே தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா, கர்நாடகா பக்கத்து அணிகள் எல்லாம் மோதும். முதல் 4 இடத்துக்குள் வந்தால்தான் அகில இந்திய போட்டிக்கு டிக்கெட். வெளியூர் மேட்ச் என்றால் ரெயிலில் நின்றுகொண்டே போகிற பையனுக்கு இதுதான் கனவு. நன்றாக ஆடினால் ரெயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

திருத்தணி அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததுதான். ஆக, மலையடிவாரத்தில் பந்து அடிக்கிற பையனுக்கும் வழி இதே வழிதான்.

இத்தனை கணக்கு போடும் பசங்களில் எத்தனை பேருக்கு ஹேரி குரோ பக் என்ற பெயர் தெரியும் என்பது சந்தேகம்தான். பி.டி. மாஸ்டர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். அவர்கள் தொழிலுக்கே அவர்தான் பிள்ளையார் சுழி.

அமெரிக்காவில் பிறந்த ஆட்டம்

பக் பிறந்தது 1884-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், லிவர்பூல் என்ற சின்ன ஊர். இங்கிலாந்து லிவர்பூல் வேறு, இது வேறு.

அவருக்கு 10 வயது இருக்கும்போதுதான் வாலிபால் என்ற ஆட்டமே பிறந்தது. 1895-ம் ஆண்டு ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்த வில்லியம் மார்கன் அதை உருவாக்கினார். கூடைப்பந்தில் இடியும் மோதலும் அதிகம். கொஞ்சம் வயதான ஆட்களுக்கு அது தாங்கவில்லை. அவர்களுக்காக நடுவில் வலை கட்டி, உரசாமல் ஆடுகிற மாதிரி ஒரு விளையாட்டை மார்கன் யோசித்தார். இன்றைக்கு எகிறிக் குதித்து ஸ்மாஷ் அடிப்பதைப் பார்த்தால் இது வயசாளிகளுக்காக வந்த ஆட்டம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்கன் படித்தது ஸ்பிரிங்பீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில். பின்னாளில் பக் படித்ததும் அதே கல்லூரியில்தான். கூடைப்பந்து பிறந்ததும் அங்கேதான்.

கப்பலேறி வந்தார்

முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-ம் ஆண்டு பக் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34.

ஒரு விஷயத்தை சரியாக சொல்ல வேண்டும். வாலிபாலை இந்தியாவுக்கு முதலில் கொண்டு வந்தவர் பக் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்பே ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் கல்கத்தாவுக்கு வந்து விளையாட்டுகளை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து விட்டார்கள். பக் செய்தது வேறு வேலை. அதுதான் பெரிய வேலை. பந்தையும் வலையையும் யார் வேண்டுமானாலும் மூட்டை கட்டி கொண்டு வரலாம். அதை ஊரில் 30 பசங்களுக்கு ஒழுங்காக சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆளைத்தான் பக் உருவாக்கினார்.

அந்தக் காலத்து பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நில், இடது பக்கம் திரும்பு, கையைத் தூக்கு. அவ்வளவுதான் உடற்பயிற்சி. பசங்களுக்கு அது தண்டனை மாதிரிதான் இருந்திருக்கும்.

1920-ம் ஆண்டு பக் சென்னையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்த மாணவர்கள் 5 பேர். இடம் ஓலைக் கொட்டகை. ஆசியாவிலேயே முதல் உடற்கல்வி கல்லூரி என்று பேர் வாங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி கல்லூரியின் ஆரம்பம் இதுதான். பிறகு சைதாப்பேட்டை பக்கம், அடையாறு ஆற்றங்கரையில் பெரிய இடத்துக்கு கல்லூரி மாறியது. இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் கொண்டு போய் விடுவார். புத்தக கண்காட்சிக்குப் போகிற பலருக்கு அது ஒரு பெரிய கிரவுண்டு. ஆனால் அது வாத்தியார் தயாரித்த இடம்.

அங்கே வந்தவர்கள் ஆட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. எலும்பு, தசை எப்படி வேலை செய்கிறது என்று படித்தார்கள். முதலுதவி படித்தார்கள். மைதானத்தில் அளந்து கோடு போடுவது, விசில் ஊதி நடுவராக நிற்பது, போட்டி அட்டவணை போடுவது என்று எல்லாம் பாடம். நம்மூர் சடுகுடு, தண்டால், பஸ்கியையும் பக் ஒதுக்கவில்லை. வெளிநாட்டு ஆட்டமும் உள்ளூர் ஆட்டமும் ஒரே மைதானத்தில் நடந்தன. விளையாட்டு விதிகளைத் தொகுத்து புத்தகமாகவும் கொண்டு வந்தார். ஊருக்கு ஒரு விதி என்று சண்டை போட்டுக் கொண்டிருந்த காலத்தில் அந்த புத்தகம் எவ்வளவு உதவியிருக்கும் என்பது, கிராமத்து டோர்னமெண்டில் லைன் தகராறை பார்த்தவர்களுக்கு புரியும்.

பாரீஸ் பயணம்

1924-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக் வந்தது. டெல்லியில் தேர்வுப் போட்டி நடத்தி தடகள வீரர்கள் 8 பேரை எடுத்தார்கள். அந்த அணிக்கு மேலாளராகப் போனவர் பக். பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனாலும் பயணம் வீண் போகவில்லை. திரும்பி வந்த பிறகு பக்கும், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனும் மாகாணம் மாகாணமாகப் போய் ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்க உதவினார்கள். தொழிலதிபர் தோரப்ஜி டாடா தலைவராக, 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நமது ஹாக்கி அணி தங்கம் அடித்தது.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

பக் இருந்த காலத்தில் இப்போதுள்ள மாநில எல்லை கிடையாது. எல்லாம் சென்னை மாகாணம். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. தலைமையில் பெரிய போராட்டம் நடந்து, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தக் கதை ஊர் பெரியவர்களுக்கு மனப்பாடம்.

பக்கின் கல்லூரியில் தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் என்று மாகாணம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து படித்தார்கள். படித்து முடித்து அவரவர் ஊர் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். இன்றைக்கு தென்மண்டல போட்டியில் தமிழ்நாட்டு பையனும் ஆந்திரா பையனும் வலைக்கு இரண்டு பக்கமும் நின்று முறைத்துக் கொள்கிறார்கள். 2 பேருக்கும் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் வாத்தியாரைத் தேடிக்கொண்டு போனால், பல நேரம் சைதாப்பேட்டையில்தான் போய் நிற்கும்.

வாலிபால் இவ்வளவு வேகமாக கிராமத்துக்குள் நுழைந்ததற்கு இன்னொரு காரணம், செலவு கம்மி. 2 கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் இடம் போதும். அறுவடை முடிந்த களத்திலேயே கோர்ட் போட்டு விடலாம். ஷூ இல்லாமலும் ஆடலாம். கூலி வேலை முடிந்து வருகிற ஆள் 6 மணிக்கு மேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி விடுவார்.

பார்க்காத கோப்பை

23 ஆண்டு காலம் கல்லூரியை நடத்திய பக், 1943-ம் ஆண்டு ஜூலை 24-ந்தேதி இறந்தார். வயது 58. இரண்டாம் உலகப்போர் நடந்து கொண்டிருந்த நேரம்.

இந்திய வாலிபால் சம்மேளனம் உருவானது 1951-ல். அதன் முதல் தேசிய சாம்பியன் போட்டி 1952-ல் நடந்தது சென்னையில்தான். பக் இருந்திருந்தால் வீட்டில் இருந்து பார்க்க வந்திருப்பார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்கு வெண்கலம் கிடைத்தது. 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கியபோது வாலிபாலுக்கான முதல் விருது ஏ.பழனிச்சாமிக்கு கிடைத்தது. 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. இவை எதையும் பக் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. வெறும் டிரில்லாக இருந்ததை விளையாட்டாக மாற்ற ஒரு மனிதர் கடல் தாண்டி வந்து கடைசி வரை இங்கேயே உழைத்தார். அப்படி வந்த பி.டி. பீரியடை, 10-ம் வகுப்பு பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக் கொள்கிறார். பந்து பீரோவில் கிடக்கிறது. அப்படி ஆடாமல் வளர்ந்த பையன் கல்லூரிக்கு வந்து, திடீரென்று லீக் ஆட்டத்தில் எப்படி ஜெயிப்பான்?

பக் தொடங்கிய கல்லூரி 2020-ல் நூறு ஆண்டு தொட்டது. அங்கே படித்தவர்களும், அவர்களிடம் படித்தவர்களும்தான் பல கல்லூரி போட்டிகளில் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து விசில் ஊதுகிறார்கள். பந்து லைனுக்கு உள்ளேயா வெளியேயா என்று இவர்கள் கை காட்டியதும் ஒரு பக்கம் ஆட்டம் பாட்டம். இன்னொரு பக்கம் பேப்பரும் பேனாவுமாக செட் விகிதம் பார்க்க உட்கார்ந்து விடுகிறார்கள்.