வெற்றி மட்டும் போதுமா? பயிற்சியாளர் ரஹீமின் வாழ்வு



சம்பா அறுவடை முடிந்தால் நம் தஞ்சைப் பகுதி வயல்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலாகிவிடும். ஆட்டம் முடிந்தபின் வரப்பில் அமர்ந்து நடக்கும் விவாதம் ஆட்டத்தைவிட நீளமானது. 2024இல் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வெளியானபின் அந்த விவாதங்களில் ஒரு பழைய பெயரும் சேர்ந்துகொண்டது. அவர்தான் இந்தியக் கால்பந்துப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அவர் வென்றார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருடைய முடிவுகள் எல்லாம் சரிதானா என்பதில்தான் இரண்டு கட்சிகள்.

ரஹீம் 1909இல் பிறந்தவர். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியதால் ரஹீம் சாகிப் என்றே அழைக்கப்பட்டார். அவர் பயிற்சியளித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோதும் பயிற்சியாளர் அவரே.

மறுஆண்டே சறுக்கல் வந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய நம் அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. ரஹீம் அதிலிருந்து கற்றுக்கொண்டார். 1956 மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே.

1960இல் ரோம் நகருக்குச் சென்ற அணியில் நம் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜும் இருந்தார். பின்னாளில் கேரளம் 1973இல் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் இவரே. ரஹீமின் மகன் ஹக்கீமும் ரோம் அணியில் இடம்பெற்றிருந்தார். தந்தை தேர்ந்தெடுக்கும் அணியில் மகன் இருக்கலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

ஆனால் விவாதம் சூடாவது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றிப் பேசும்போதுதான். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டது. தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ரஹீம் அவரை மீண்டும் இறக்கினார். அதுவும் பின்களத்தில் அல்ல, கோல் அடிக்கும் நடு முன்களத்தில்! தலையால் பந்தை முட்டவேண்டிய இடம் அது. ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது.

இறுதிப் போட்டியில் மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், அரங்கமே இந்தியாவுக்கு எதிராக முழங்கியது. அன்று ரஹீம், முந்தைய ஆட்டங்களில் நன்றாகக் கோல் காத்த பிரத்யுத் பர்மனை வெளியே அமர்த்தினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை, அவருடைய உயரத்தையும் அனுபவத்தையும் நம்பி உள்ளே அனுப்பினார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. ஒன்பது மாதங்கள் கடந்து, 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் புற்றுநோயால் இறந்தார். அதற்குப்பின் 2023 வரை நடந்த எந்த ஆசிய விளையாட்டிலும் இந்தியா கால்பந்தில் தங்கம் பெறவில்லை.

இனி நாம் சிந்திப்போம். மேட்டூர்த் தண்ணீரை நம்பி நாற்று விடும் விவசாயியைக் கடைமடை வரை தண்ணீர் வந்தால் கெட்டிக்காரர் என்கிறோம். வராவிட்டால் அவசரக்காரர் என்கிறோம். இரண்டிலும் அவர் எடுத்த முடிவு ஒன்றுதான். ரஹீமையும் நாம் இப்படித்தான் அளக்கிறோம். ஜர்னைல் அன்று மயங்கி விழுந்திருந்தால், இதே முடிவை எந்தப் பெயரால் அழைத்திருப்போம்?

அவருக்காகச் சொல்லவேண்டியதும் உண்டு. ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்களத்தில் ஆடியவர் என்பதை அறிந்தே அவர் முடிவெடுத்தார். அது குருட்டு யோகம் அல்ல. அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கும் விதி உலகக் கோப்பைக்கே 1970இல்தான் வந்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி கண்டவருக்கென்று தனி மாற்று விதி 2021இல் சோதனையாகத் தொடங்கி, 2024இல்தான் விதிநூலில் நிலையாக இடம்பெற்றது. அவர் காலத்தின் அறிவைக் கொண்டே அவரைத் தீர்ப்பிடுவது நியாயம்.

ஆனால் நம் காலத்தின் அறிவைக் கொண்டே நம்மைத் தீர்ப்பிட வேண்டும். காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையை மாதிரித் தேர்வுக்கு அனுப்பும் பெற்றோர், வலியைச் சொல்லும் மாணவனை மாவட்டப் போட்டிக்காக ஓடவைக்கும் ஆசிரியர், கை வெட்டுக்காயத்தோடு நிற்பவரை நடவு முடியட்டும் என்று சேற்றில் இறக்கும் நாம், இவர்கள் எல்லோரும் ரஹீமின் இடத்தில்தான் நிற்கிறோம். அந்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துத்தான் சரி என்று தலையாட்டுகிறது. முடியாது என்று சொல்லவும் அதற்கு இடம் கொடுத்தோமா?

முடிவு எடுக்கும் அந்த நிமிடத்தில், வெற்றி வருமா என்பதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி அது. ரஹீமை மனதாரப் போற்றுவோம். அந்தக் கேள்வியையும் மறவாமல் கேட்போம்.