காரணம் தேடிய கைகள்

பெரியோர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் நம்மிலிருந்து வெகு தொலைவில் நிற்பவர்களாகவே எனக்குத் தோன்றுவதுண்டு. அவர்களுள் ஒருவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, என் தோள்மேல் கைவைத்து வழிகாட்டியது போன்ற உணர்வைச் சென்ற கோடை விடுமுறையில் பெற்றேன். அவர்தாம் கோவை தந்த மேதை ஜி. டி. நாயுடு. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் அவர் வாழ்ந்து காட்டிய முறை எங்கள் குடும்பத்தை ஒரு பெருங்கடனிலிருந்து காத்தது. அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பழனியில் வசிக்கும் என் தாய்மாமன், அத்தையின் நகைகளை அடகு வைத்து, கோவையில் ஒருவரிடமிருந்து பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கினார். மாப்பிள்ளை ஊர்வலத்திற்கும், மணமக்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் செல்வதற்கும் அதை வாடகைக்கு விட்டு வந்தார். அது சூப்பர்சார்ஜர் பொருத்திய கார். எஞ்சினின் சுழற்சியிலிருந்து பெல்ட் வழியாக ஆற்றல் பெற்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி அது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினைப் போல் இழுக்கும். எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்பதைக் காட்ட மாமா ஒரு பூஸ்ட் மீட்டரும் பொருத்தியிருந்தார்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், புதுமணத் தம்பதியுடன் மலையேறிய கார் கொண்டை ஊசி வளைவுகளில் திணறியது. வழக்கமாக 0.5 பார் காட்டும் முள், கொடைக்கானலை நெருங்கியபோது 0.25-ஐத் தாண்டவில்லை. பார்த்த ஒர்க்‌ஷாப்காரர் வண்டியின் மூடியைத் திறந்து ஒரு கணம் நோக்கிவிட்டு, சூப்பர்சார்ஜர் போய்விட்டது, மாற்றத் தொண்ணூறாயிரம் ஆகும் என்று முடிவு சொல்லிவிட்டார். அன்றிரவு மாமா சாப்பிடவில்லை. அடகுக் கடையில் இருக்கும் நகைக்கே வட்டி கட்ட முடியாதவர் வேறெங்கே போவார்?

அப்பொழுது நான் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாயுடுவின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவைக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியோடு அது நின்றது. ஊர் அவரை உருப்படாத பிள்ளை என்றே கணக்கிட்டிருக்கும். அந்த இளைஞரின் வாழ்வைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். கிராமத்துப் பாதையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த அவ்வண்டியைக் கண்டு வியந்த துரைசாமி, அத்தகைய வண்டியைத் தாமே அடைய வேண்டும் என்று உறுதி கொண்டார். கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். காசைக் காசாகச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றியிருந்தால் அவர் பெயரை இன்று நாம் அறிந்திருக்க மாட்டோம். அவர் செய்ததோ வேறு. வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார்; பின் மீண்டும் பூட்டினார். ஆசிரியரும் இல்லை, பாடநூலும் இல்லை. அந்த வண்டியே அவருக்குப் பள்ளியாயிற்று.

இவ்விடத்தைப் படித்தபோது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒர்க்‌ஷாப்காரர் எதைக் கழற்றிப் பார்த்துவிட்டு அத்தீர்ப்பைச் சொன்னார்? எதையும் கழற்றவில்லையே! மறுநாள் காலை மாமாவிடம் இதைச் சொன்னேன். முதலில் சலித்துக்கொண்ட அவர், பின்பு பழைய வேட்டி ஒன்றைத் தரையில் விரித்து, கருவிப் பெட்டியை எடுத்துவந்தார்.

முதலில் மலையையும் காரையும் பிரித்தறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலிலோ அது 790 மில்லிபார் அளவுதான். சூப்பர்சார்ஜர் தனக்குக் கிடைக்கும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்துவதாகக் கொண்டால், கீழே 0.5 பார் காட்டும் மீட்டர் மேலே 0.4 அளவே காட்டும். இந்தக் குறைவு இயற்கை. எந்த ஒர்க்‌ஷாப்பும் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் மாமா கண்டது 0.25. பழனியிலேயே ஓட்டிப் பார்த்தோம், 0.3-தான் வந்தது. ஆகவே மலையின் பங்கு கொஞ்சம், பழுதின் பங்கு மிகுதி என்பது தெளிவாயிற்று.

பழனி என்றதும் நாயுடுவின் வாழ்வில் இவ்வூருக்குள்ள இடம் நினைவுக்கு வருகிறது. பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருளை இழந்த அவருக்குக் கைகொடுத்தவர் கோவைத் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் தந்த கடனுதவியோடு 1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார் நாயுடு. தாமே ஓட்டுநர், பழுது வந்தால் தாமே பழுது நீக்குநர். அந்த ஒற்றைப் பேருந்தே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர் பெற்ற யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்து, நூற்றுக்கணக்கான வண்டிகளைக் கொங்கு நாட்டுச் சாலைகளில் ஓடவிட்டது. அன்று அவர் ஓட்டிய சாலையருகேதான் நாங்கள் காரைக் கழற்றிக்கொண்டிருந்தோம்!

எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்வதென்று முடிவு செய்தோம். முதலில் மீட்டரையே ஐயுற்றோம். நண்பர் ஒருவரின் மீட்டரைக் கடன் வாங்கிப் பொருத்தியபோதும் அதே அளவுதான் வந்தது. ஆகவே மீட்டர் பொய் சொல்லவில்லை. அடுத்து ஏர் பில்டர், தூசி படிந்திருந்ததால் புதியது போட்டோம், முள் அசையவில்லை. பெல்ட் தளர்ந்து வழுக்கினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலாது; அழுத்திப் பார்த்தோம், இறுக்கமாகவே இருந்தது. பைபாஸ் வால்வு முழுதும் மூடாமல் நின்றால் அழுத்திய காற்று திரும்பி ஓடிவிடும். அதுவும் ஒழுங்காக மூடியது. மாலை மயங்கும் நேரம். மாமாவின் முகத்தில் மீண்டும் இருள் படர்ந்தது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதே சரியோ என்று நானும் கலங்கினேன்.

தோல்வியில் நாயுடு என்ன செய்தார் என்பதை அன்றிரவு மீண்டும் புரட்டினேன். வெற்றிகள் அவர் வாழ்வில் ஏராளம். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் உருவாகக் காரணமானார். ரேசண்ட் என்னும் மின்சவரக் கருவி, மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என்று அவர் கைபட்டவை பல. பருத்தியிலும் பப்பாளியிலும்கூட ஆய்வு செய்தார்.

ஆனால் ஏமாற்றங்களும் குறைவல்ல. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் விளங்கினார். பொறியியலைக் கற்க நான்கு ஆண்டுகள் வீண், பட்டறையில் கைபட்டுக் கற்றால் குறைந்த காலம் போதும் என்பது அவர் கொள்கை. அது ஏற்கப்படாததால் பொறுப்பிலிருந்து விலகினார். 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் கார் ஒன்றை உருவாக்கினார். அதைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவர் கைகட்டி அமரவில்லை. அடுத்த பொருளை எடுத்தார். அடுத்த காரணத்தைத் தேடினார். 1974 சனவரி 4-ஆம் நாள் தம் எண்பதாம் வயதில் மறையும்வரை அவர் தேடல் ஓயவில்லை.

விடிந்ததும் நானே மாமாவை எழுப்பினேன். எஞ்சியது காற்றுக் குழாய்கள் மட்டுமே. முதல்நாள் அவற்றைக் கண்ணால் பார்த்தோமேயன்றிக் கையால் தடவவில்லை. சூப்பர்சார்ஜரிலிருந்து வெளிவரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருந்தது. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை விரலால் அமுக்கியபோது, விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. எஞ்சின் அமைதியாக ஓடும்போது மூடியே கிடந்த அவ்வெடிப்பு, அழுத்தம் ஏறும்போது மட்டும் திறந்து காற்றை வெளியே விட்டிருக்கிறது! புதிய ஹோஸ் வாங்க ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. பூட்டி முடித்து ஓட்டியபோது முள் 0.5-ஐத் தொட்டது.

அன்று மாலை மாமா, அத்தை, நான் மூவரும் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வளைவுகளில் கார் தயங்காமல் ஏறியது. மேலே முள் 0.4-இல் நின்றது. மாமா ஒரு கணம் திகைத்து என்னைப் பார்த்தார். அது மலையின் கணக்கு என்றேன். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. வெறுங்கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்ததும் நகை திரும்பியது.

நண்பர்களே! கோவைக்குச் செல்வோர் நாயுடுவின் பெயர் தாங்கிய காட்சியகத்தைக் காணலாம். அங்குள்ள பொருள்களை வியப்பதோடு நில்லாமல், அவற்றைச் செய்த கைகளை எண்ணிப் பாருங்கள். இயற்பியல் வகுப்பில் காற்றழுத்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அது ஒரு குடும்பத்தின் நகையை மீட்கும் என்று அன்று அறியேன். படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை எனக்குக் கற்பித்தவர், பள்ளிப் படிப்பை முடிக்காத அந்தப் பேராசிரியரே!