துணிக்குள்ளே ஒரு இன்ஜினியர்

கல்ச்சுரல்ஸுக்கு ஃபேஷன் ஃபிலிம் எடுக்கிற டீம்ல நீங்களும் இருக்கீங்களா? அப்போ இந்த நிலைமை உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும். பின்ட்ரெஸ்ட்ல நூறு படம் சேவ் பண்ணியாச்சு. ரீல்ஸ் பார்த்துப் பார்த்து ராத்திரி ரெண்டு மணி ஆயிடுச்சு. ஆனா ஐடியா மட்டும் வரல. வந்த ஐடியாவும் ஏற்கெனவே யாரோ எடுத்ததுதான்.

அப்படி ஒரு ராத்திரியிலதான் 1890-கள்ல எடுத்த ஒரு குட்டிப் படம் என் கண்ணுல பட்டுச்சு. ஒரு பெண் பெரிய துணியைச் சுழற்றிச் சுழற்றி ஆடுறாங்க. துணி நிறம் மாறிக்கிட்டே இருக்கு. கதை இல்ல, வசனம் இல்ல. உலகத்தோட முதல் ஃபேஷன் ஃபிலிம்னே சொல்லத் தோணுச்சு. தலைப்புல லோயி ஃபுல்லர்னு போட்டிருந்தாங்க. தேடிப் பார்த்தா, அதுல ஆடுறது அவங்களே இல்ல!

அப்போ அந்த லோயி ஃபுல்லர் யாரு?

1862-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே நாடக மேடைதான் வாழ்க்கை. முறையாக நடனம் படித்தவர் இல்லை. முப்பது வயதை நெருங்கும்போது ஒரு நாடகத்தில் ஹிப்னாடிச மயக்கத்தில் இருக்கும் பெண்ணாக நடித்தார். போட்டிருந்த பட்டுப் பாவாடை ரொம்ப நீளம். தடுக்கி விழாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஓடினார். பார்த்தவர்களுக்கு அது பட்டாம்பூச்சி மாதிரியும் பூ மாதிரியும் தெரிந்தது. சுயசரிதையில் அவரே சொல்லும் கதை இது.

நாமளா இருந்தா பாவாடையை வெட்டிச் சின்னதாக்கியிருப்போம். அவர் இன்னும் பெரிசாக்கினார். கை எட்டும் தூரத்தைத் தாண்டித் துணி பறக்கணும்னா என்ன செய்யலாம்? உடைக்குள்ளே நீளமான குச்சிகளை வைத்தார். கை கொஞ்சம் அசைந்தாலே துணி பல அடி எழும்பும். எளிய நெம்புகோல்தான், நாம ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல படிச்சது. அந்த உடைக்கு 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார். அடுத்தது வெளிச்சம். கலர் கண்ணாடிகளைச் சுழலவிட்டு பல பக்கத்திலிருந்தும் ஒளி பாய்ச்சினார். நெருப்பு நடனத்துக்காக மேடைத் தரையில் கண்ணாடி பதித்து, கீழேயிருந்து வெளிச்சம் கொடுத்தார். மேடையில் ஆடினது அவரா, துணியா, வெளிச்சமா என்று பிரிக்க முடியாது.

ஆனா ஐடியா ஹிட் ஆனா காப்பியும் கூடவே வந்துடும். 1892-ல், தன் நடனத்தை அப்படியே ஆடிய ஒருவர் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். தோற்றார். அந்த நடனத்தில் கதை எதுவும் இல்லை, அதனால் நாடகப் படைப்புக்குரிய பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்றது நீதிமன்றம். அதே வருஷம் பாரிஸ் போனார். அங்கே ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஏற்கெனவே ஒரு காப்பி ஓடிக்கொண்டிருந்தது! விளம்பரம் போட்டுவிட்டதால் முதலில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே ஆட வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். தன்னைக் காப்பியடித்தவரின் பெயரில் தானே ஆடுவது எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ஆனாலும் பாரிஸ் அவரைக் கொண்டாடியது. ஓவியர் துலூஸ் லோத்ரெக் அவரை அச்சுப்படமாக வரைந்து, ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக வண்ணம் கொடுத்தார். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கென்றே ஒரு தியேட்டர் எழும்பியது.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரேடியம் இருட்டில் ஒளிரும் என்று கேள்விப்பட்டதும், அதை வைத்துப் பட்டாம்பூச்சிச் சிறகு செய்ய முடியுமா என்று மேரி க்யூரி, பியேர் க்யூரி தம்பதிக்கே கடிதம் போட்டார். அது ஏன் முடியாது என்று அவர்கள் விளக்கினார்கள். நன்றியாக அவர்கள் வீட்டுக்கே போய் ஆடிக்காட்டினார். அதோடு விட்டாரா? ஒளிரும் உப்புகளைத் துணியில் பூசிப் பார்க்கத் தனியாக ஆய்வுக்கூடமே வைத்தார்.

அறுபது வயதை நெருங்கும்போது சினிமாவையும் தொட்டார். தான் எடுத்த படத்தில் ஸ்லோ மோஷனையும் நெகட்டிவ் பிம்பங்களையும் பயன்படுத்தினார். 1928 ஜனவரி 1-ஆம் தேதி பாரிஸில் இறந்தார்.

எடிசன் கம்பெனியும் லூமியர் கம்பெனியும் எடுத்த பாம்பு நடனப் படங்களில் ஆடுவது மற்றவர்கள். மேடையில் அவர் ஒளியால் கொண்டுவந்த நிறத்தை, அந்தப் படங்களில் ஃபிலிம் மேல் கையாலேயே பூசினார்கள். இன்னிக்கும் இணையத்துல பல இடங்கள்ல பேர் மாறித்தான் கிடக்குது.

இப்போ உங்க படத்துக்கு வருவோம். ஃபோனைக் கீழே வைங்க. கையில என்ன துணி இருக்கு? அம்மாவோட பழைய சேலையா, ஹாஸ்டல் பெட்ஷீட்டா? ரூம் லைட்டை அணைச்சிட்டு, ஒரு டார்ச்சை அதுக்குப் பின்னாடி பிடிச்சுப் பாருங்க. அடுத்து கீழேயிருந்து. அது எப்படி அசையுது, எங்க வெளிச்சத்தை வாங்குதுன்னு ஒரு மணி நேரம் பொறுமையா பாருங்க. பாவாடை நீளமா இருந்ததுதான் அவருக்குக் கிடைச்ச இன்ஸ்பிரேஷன். உங்க துணியிலயும் ஏதாவது ஒரு குறை இருக்கும், அதைச் சரிபண்ண அவசரப்படாதீங்க.

அப்புறம், டீம்ல யாரோட ஐடியாவோ, அவங்க பேரை மறக்காம டைட்டில் கார்டுல போட்டுடுங்க.