வென்றவரின் கடிதத்தைச் சுமந்து வந்த ஸ்காட்

1912 ஜனவரி 16. தென் துருவத்தை நோக்கி வண்டியிழுத்து நடந்துகொண்டிருந்த ஐந்து பேரின் கண்ணில் தொலைவில் ஒரு கறும்புள்ளி பட்டது. பனியின் நிழலாக இருக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு நடந்தார்கள். அருகில் போனபோது அது ஒரு கறுப்புக் கொடி. சுற்றிலும் நாய்களின் காலடித் தடங்கள். வேறொருவர் முந்திவிட்டார்.

அந்த ஐவரின் தலைவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி இராபர்ட் ஃபால்கன் ஸ்காட்.

1868இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த ஸ்காட், 13 வயதிலேயே கடற்படைப் பயிற்சிக் கப்பலில் சேர்க்கப்பட்டார். தந்தை மதுபான ஆலையை விற்று, அந்தப் பணத்தையும் இழந்து 1897இல் இறந்தார். மறு ஆண்டு தம்பியும் மறைய, தாயையும் திருமணமாகாத சகோதரிகளையும் காப்பாற்றும் பொறுப்பு ஸ்காட்டின் சம்பளத்தில் விழுந்தது. பதவி உயர்வுக்கு வழி தேடியவருக்கு அண்டார்டிகா ஒரு வாய்ப்பாக வந்தது.

1901இல் டிஸ்கவரி கப்பலில் புறப்பட்ட முதல் பயணத்தில் துருவத்திற்குச் சுமார் 850 கிலோமீட்டர் இருக்கும்போது திரும்ப நேர்ந்தது. அப்போது உடன் நடந்த எர்னஸ்ட் ஷேக்கல்டன், 1909இல் தனிக் குழுவுடன் சென்று ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தூரம் வரை நெருங்கித் திரும்பினார். எஞ்சியிருந்த அந்தத் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்ற தவிப்பு ஸ்காட்டை விடவில்லை. பிறந்து ஓராண்டுகூட நிறையாத மகன் பீட்டரை விட்டுவிட்டு 1910இல் மீண்டும் புறப்பட்டார்.

கப்பல் மெல்பர்னை அடைந்தபோது ஒரு தந்தி காத்திருந்தது. வட துருவத்திற்குப் போவதாகச் சொல்லியிருந்த நார்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்சென், தெற்கே வருகிறார் என்பதே செய்தி. அறிவியல் பயணம் அன்றிலிருந்து பந்தயமாகவும் ஆனது.

அமுண்ட்சென் நாய்களையும் பனிச்சறுக்கையும் நம்பினார். ஸ்காட் இயந்திர வண்டி, மட்டக் குதிரை, நாய், மனித உழைப்பு என எல்லாவற்றையும் கலந்து திட்டமிட்டார். இயந்திரங்கள் பாதியில் பழுதாகின. குதிரைகள் குளிரில் துவண்டன. கடைசி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திற்கு மனிதர்களே வண்டியை இழுத்தார்கள். நால்வருக்கென்று உணவைக் கட்டிவைத்துவிட்டு, கடைசி நேரத்தில் ஐந்தாவது ஆளையும் ஸ்காட் சேர்த்துக்கொண்டார்.

ஜனவரி 17ஆம் தேதி துருவத்தை அடைந்தார்கள். அமுண்ட்சென் அங்கு வந்தது டிசம்பர் 14. இடைவெளி 34 நாள்.

அவர் விட்டுச்சென்ற கூடாரத்தில் நார்வே மன்னருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. தாம் ஊர் திரும்பாமல் போனால் சேர்த்துவிடும்படி ஸ்காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார் அமுண்ட்சென். தம் தோல்விக்கான சான்று அது. கிழித்தெறிந்திருந்தால் கேட்க ஆளில்லை. ஸ்காட் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

திரும்பும் வழி இன்னும் கொடியது. பிப்ரவரி 17இல் எட்கர் எவன்ஸ் இறந்தார். மார்ச் நடுவில், உறைந்த கால்களுடன் தம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் என்று உணர்ந்த ஓட்ஸ், பனிப்புயலுக்குள் தாமாகவே நடந்து மறைந்தார். எஞ்சிய ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவரும் உணவுக் கிடங்கிற்குச் சுமார் 20 கிலோமீட்டர் முன்பே புயலில் சிக்கினார்கள். முந்தைய ஆண்டு, குதிரைகளை வருத்த மனமில்லாமல் அந்தக் கிடங்கைத் திட்டமிட்ட இடத்திற்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே அமைத்தவர் ஸ்காட்தான். நினைத்த இடத்தில் அமைத்திருந்தால் அதை அவர்கள் எட்டியிருப்பார்கள். அவர் நாட்குறிப்பின் கடைசிப் பதிவு மார்ச் 29.

நவம்பர் 12ஆம் தேதி தேடுதல் குழு கூடாரத்தைக் கண்டது. அமுண்ட்செனின் கடிதம் அங்கிருந்தது. சுமார் 16 கிலோ எடையுள்ள கற்களும் இருந்தன. சாகும் நிலையிலும் அவர்கள் விட்டெறியாமல் இழுத்து வந்தவை. அவற்றில் குளோசோப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் படிவங்கள் இருந்தன. இதே தாவரத்தின் படிவங்கள் இந்தியாவிலும் கிடைப்பவை. அண்டார்டிகாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்பதற்கு அவை சான்றாயின.

ஸ்காட்டின் திட்டங்களில் பிழைகள் இருந்தன என்பதைப் பின்னாளைய ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அந்தப் பிழைகளுக்கு அவரோடு நால்வர் உயிரும் விலையானது. ஆனால் தோற்ற பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தில் சிறுமை இல்லை.

மகனை இயற்கையின் மீது ஆர்வம் கொள்ளச் செய்யும்படி மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஸ்காட் கேட்டிருந்தார். பீட்டர் ஸ்காட் பறவை ஆய்வாளராக வளர்ந்து, உலக வனவிலங்கு நிதியத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1936 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது வெண்கலம்.

இன்று தென் துருவத்தில் உள்ள அமெரிக்க ஆய்வு நிலையத்தின் பெயர் அமுண்ட்சென்–ஸ்காட். முதலில் வந்தவர் பெயரோடு இரண்டாவதாக வந்தவர் பெயரும் அங்கே நிற்கிறது.